தேயாத பொருள்

ஆலையில் அவரைப் பிடிமானம் என்றுதான் கூப்பிடுவார்கள். துளை போடும்போது உலோகத் துண்டை இம்மியும் அசையவிடாமல் கவ்விக்கொள்ளும் ஃபிக்ஸ்சரைச் செய்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? ஒன்பது வருடமாக அவரும் அசையவில்லை என்பதற்காக வைத்த பெயர் என்பாரும் உண்டு. ஊர்வாயை மூட உலைமூடியே கிடையாது. ஃபிக்ஸ்சருக்கு எங்கே போவது?

மனைவி நாலு மணி நேர பஸ் தூரத்தில் பள்ளிக்கூட டீச்சர். அந்த ஊரிலும் ஆலைக்கு ஒரு கிளை இருந்தது. மாற்றல் கேட்டு அவர் வருடத்துக்கு ஒரு மனு கொடுப்பார். மேனேஜர் வருடத்துக்கு ஒரு பெருமூச்சு விடுவார்.

"நீங்க போயிட்டா தேஞ்சுபோற ஃபிக்ஸ்சரை எல்லாம் யாரு சார் சரி பண்றது?"

தேய்ந்ததென்னவோ உண்மை. தூக்கி வைக்கிறவர்களின் இடுப்பு ஒடியக் கூடாதென்று அவர் எல்லாவற்றையும் அலுமினியத்தில் செய்திருந்தார். அலுமினியம் இளகிய மனசுக்காரன். ஐயாயிரம் துண்டு ஏறி இறங்கினால் இடம் கொடுத்துவிடும், துண்டு ஆடும், பிடிமானம் ஓடிவர வேண்டும்.

போனில் மனைவியிடம் புலம்பினார்.

"தேயாத சாமானே உலகத்துல இல்லையாங்க?" என்றார் மனைவி.

"எஃகு இருக்கு. கனம் ஜாஸ்தி."

"அடியில உருளை வச்சுத் தள்ளுங்க. கேஸ் சிலிண்டரை நான் ஒன்பது வருஷமா அப்படித்தான் நகர்த்துறேன்."

அடுத்த ஃபிக்ஸ்சருக்கு அதிர்வைக் குடித்துவிடும் வார்ப்பிரும்பில் அடித்தட்டு. துண்டு உட்காரும் இடமெல்லாம் சூடேற்றிக் கடினமாக்கிய எஃகு. பளபளப்பு கீறாமலிருக்கக் கவ்வும் வாயில் நைலான். அடியில் உருளை. கடவுள்கூடப் படைக்கும்போது மூலப்பொருளை இவ்வளவு யோசித்ததில்லை, மூட்டுவலிக்காரர்கள் சாட்சி.

நாற்பதாயிரம் துண்டு போயிற்று. மயிரிழைகூட ஆடவில்லை. மனைவி அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்தார். பிடிமானம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மனுவோடு போனார்.

"இது தேயவே தேயாது சார். இனிமே நான் இங்க தேவையில்ல."

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அலுமினியத்துல செஞ்சப்பவே உங்கள விட எனக்கு மனசு வரல. இப்படிப்பட்ட கையை அடுத்த கிளைக்குத் தாரை வார்ப்பேனா? பாக்கி நாப்பத்தாறு ஃபிக்ஸ்சரையும் எஃகுக்கு மாத்திக் குடுங்க. அப்புறம் பேசலாம்."

வருடத்துக்கு ஆறு செய்யலாம். ஓய்வு பெற ஏழு வருடம் இருந்தது. மாடிப்படி இறங்குவதற்குள் அவர் மனக்கணக்குப் போட்டுவிட்டார்: நாலு மிஞ்சியது.

"வேற சாமான் ஏதும் இல்லையா?" என்றார் மனைவி, அன்று ராத்திரி போனில்.

"மரம் இருக்கு. மழைக்கு ஊறும், வெயிலுக்குக் கோணும். ரெண்டே மாசத்துல வேலைய விட்டுத் துரத்திடுவாங்க."

"துரத்தினா வீட்டுக்குத்தானே வருவீங்க?"

மறுநாள் காலை மரக்கடைக்குப் போனார். பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறினார், ஒற்றைக் கண்ணால் நீளம் பார்த்தார். கடைசியில், அந்தக் கடையிலேயே ஊறாத, கோணாத, நன்றாகக் காய்ந்த தேக்குப் பலகை ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார்.