பியானோவுக்கு மட்டும் ஒரு வழி

ஜாலான் புசார் சாலையில் கடிகாரம் பழுது பார்த்துவந்த சுவிசேஷமுத்துவுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போனபோது புண் அழுகி, அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். இடது காலும் மடங்காது. வயலின் வாசிக்கக் கால் வேண்டாமே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். வாசிக்கும் இடத்துக்குப் போகக் கால் வேண்டும் என்பது, தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் இருந்த இசைக் கழகத்தில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

கழகம் மூன்றாம் மாடியில். நாற்காலியோடு இரண்டு பேர் அவரைத் தூக்கிப்போவார்கள். 1958 ஆண்டு விழாவன்று பாதி வழியில் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். தூக்கியவர்கள் நாற்காலியைப் படித் திருப்பத்தில் ஓரமாக வைத்துவிட்டு மாலையோடு கீழே ஓடினார்கள். விருந்தினரோடு மேலே போனவர்கள் இவரை மறந்தே போனார்கள். தலைக்கு மேலே கச்சேரி வயலின் இல்லாமலே தொடங்கியது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பாட்டுகள் கேட்டார். அதன்பின் யாரையும் தூக்க விடவில்லை.

கச்சேரியை ஏதாவது பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் வைக்கலாமே என்று கேட்டுப்பார்த்தார். செயலாளர் அழகப்பன் கெட்ட மனிதர் இல்லை. சொந்தக் கட்டடம் வரட்டும், சரிவுப் பாதை போட்டே தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். சுவிசேஷமுத்து ஐந்து வருடம் வீட்டிலேயே வாசித்துக்கொண்டு காத்திருந்தார்.

1963இல் கட்டடம் எழுந்தது. முகப்பில் பளபளவென்று பதினோரு சலவைக்கல் படிகள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மனைவி ஜோசபினோடு பார்க்கப் போனார். பக்கவாட்டு வாசலில் நீளப் பலகைகளைச் சாய்த்துப் போட்டு, ஆறு பேர் ஒரு பியானோவை உருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பலகை நாளைக்கும் கிடக்கட்டுமே என்றார். வாடகைப் பலகை, சாயங்காலமே எடுத்துவிடுவார்கள் என்றார் அழகப்பன்.

“சரிவு வைக்கிறேன்னு சொன்னீங்களே?”

“பிளான்ல இருந்துச்சுண்ணே. முகப்பு அழகு கெட்டுப்போகும்னு கமிட்டியில எடுத்துட்டாங்க. நாங்க தூக்கிட்டுப் போறோம்லா, எங்களுக்கு என்ன சிரமம்?”

“சிரமம் உங்களுக்கு இல்ல தம்பி.”

விழாவுக்கு அவர் போகவில்லை. பக்கவாட்டு வாசலில் நிரந்தரச் சரிவு வேண்டும் என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதி அனுப்பினார். கூட்டத்தைக் கீழே முற்றத்தில் வைக்கும்படி தனியாக ஒரு கடிதமும் போட்டார். அதற்குப் பதில் இல்லை. கூட்டத்தன்று படிகளுக்குக் கீழே ஊன்றுகோல்களோடு நின்றார். உறுப்பினர்கள் வணக்கம் சொல்லிவிட்டு ஏறிப்போனார்கள். ஜோசபின் மேலே போய், அவர் கீழே நிற்கிறார் என்று சொல்லிப்பார்த்தாள். உறுப்பினர் அல்லாதவர் பேச முடியாது என்று உட்காரவைத்துவிட்டார்கள். அரை மணி கழித்து இறங்கி வந்தாள்.

“என்ன ஆச்சு?”

“தீர்மானம் கொடுத்தவர் கூட்டத்துக்கு வரலையாம். அதனால எடுத்துக்கலையாம்.”

அவர் டாக்சிக்குக் கைகாட்டச் சொன்னார். மறுநாள் கடையில் உட்கார்ந்து, நூற்றுப்பத்து உறுப்பினர்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதத் தொடங்கினார். ஏழு பேர் பதில் போட்டார்கள். 1966 முடிந்தபோதும் சரிவு வரவில்லை. அந்த மேடையில் அவர் ஒருநாளும் வாசிக்கவில்லை.