நல்ல கையெழுத்து

காலிக் கோப்பையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டச்சு செய்கிறாள். குடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ரகசியச் சொல்லை அடிக்கும்போது அவளுக்கு உதடு தானாக அசையும். அதை மறைக்கத்தான் கோப்பை. அது ஒற்றைச் சொல் அல்ல, முழு வாக்கியம். ஒரே வீட்டில் இருக்கும் கணவருக்கும் தெரியாது.

"என்னைத் திட்டுற வாக்கியமாத்தான் இருக்கும். இல்லாட்டி இவ்வளவு வேகமா வராது."

"உங்களைத் திட்ட ஒரு வாக்கியம் எப்படிங்க பத்தும்?"

மருத்துவமனைகளில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவியைச் செய்கிற ஒரு சிறிய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். எந்த மருந்தை எந்த வேகத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அந்தக் கருவிக்குச் சொல்ல ஒரு கோப்பு உண்டு. மருத்துவர்கள் அவ்வப்போது திருத்தித் தருவார்கள். அது வெளியே போகுமுன் மின் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. பேனா கிடையாது, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை, பிறகு அந்த ரகசிய வாக்கியம். கையெழுத்து ஒரு குட்டிக் கோப்பாகப் பிறந்து பெரிய கோப்பின் பக்கத்தில் உட்காரும். வாங்கிக்கொள்கிறவர் இன்னொரு கட்டளையால் இரண்டையும் சரிபார்க்கலாம். நடுவில் யாரேனும் ஓர் எண்ணை மாற்றியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அலுவலகத்தில் அவள் பெயரே கையெழுத்தக்கா என்றாகிவிட்டது.

நிஜக் கையெழுத்து அவளுக்கு வராது. பள்ளிக்கூடத்தில் கோழி கிளறியது என்றார்கள். வங்கியில் "போன தடவை போட்டது மாதிரி இல்லையேம்மா" என்று தாளைத் திருப்பி நீட்டுகிறார்கள். சமையலறையில் அவள் ஒட்டிவைக்கும் சீட்டைக் கணவர் தலைகீழாகப் பிடித்துப் படிப்பார். "இது பல் டாக்டரா, பால் பாக்கெட்டா?"

அவளுக்கு உள்ளூர ஒரு குறை. "நான் பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன். அந்தப் பக்கம் யாராச்சும் சரிபாக்குறாங்களான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்." அதுவரை ஒருவர்கூடக் கூப்பிட்டதில்லை.

அன்று காலை கூப்பிட்டார்கள். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் கருவிகளைப் பராமரிக்கிறவர்.

"மேடம், புதுக் கோப்பைச் சரிபாத்தா கெட்ட கையெழுத்துன்னு வருது."

"கருவியில ஏத்திட்டீங்களா சார்?"

"இல்ல மேடம். அதான் கூப்பிட்டேன்."

யாரோ கோப்பை மாற்றியிருக்கிறார்கள். எங்கே என்பதுதான் கேள்வி. நிறுவனத்தின் சர்வரிலேயே மாறியிருந்தால், சரிபார்க்காமல் ஏற்றிக்கொண்ட எல்லா மருத்துவமனைகளிலும் அது இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பச்சைக் குழந்தைக்கான வரியில் ஒரு பூஜ்யம் கூடினால் போதும். சர்வரில் இருந்ததை அவளே இறக்கி, கட்டளையை அடித்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாம் முறை, நல்ல கையெழுத்து என்று வந்தது.

பாதி மூச்சு வந்தது. "எங்ககிட்ட சரியா இருக்கு. உங்ககிட்ட வந்த பிறகுதான் ஏதோ ஆகியிருக்கு. யாராச்சும் தொட்டாங்களா?"

"யாரும் தொடலை மேடம். நான்தான் இறக்கினேன்."

"நீங்க?"

"நானும் தொடலை. சும்மா பாத்தேன்."

மேசையில் கிடந்த கோப்பையை அவள் கை நகர்த்தி வைத்தது. "எப்படிப் பாத்தீங்க?"

"திறந்து பாத்தேன்."

"மூடும்போது?"

குரல் இறங்கி வந்தது. "சேவ் பண்ணியிருப்பேன் மேடம். எதை மூடினாலும் கை தானா அதை அமுக்கிடும். ஆனா சத்தியமா ஒரு எழுத்துகூட மாத்தலை."

நீங்கள் மாற்றாவிட்டாலும் சில மென்பொருள்கள் சேமிக்கும்போது கடைசி வரிக்குப் பின்னால் தாமாகவே ஓர் என்டரைத் தட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கையெழுத்துக்குத் தெரியும். அவரிடம் உள்ள கோப்பில் மொத்தம் எத்தனை எழுத்து என்று படிக்கச் சொன்னாள். அவளிடம் இருந்ததைவிட ஒன்றே ஒன்று கூடுதல்.

"அந்த ஒண்ணு என்டர்தானே மேடம்?"

ஒரு பூஜ்யம் கூடியிருந்தாலும் கணக்கில் ஒன்றுதான். "அந்தக் கோப்பை அப்படியே எனக்கு அனுப்புங்க."

வந்தது. இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்து, வித்தியாசத்தை மட்டும் காட்டும் கட்டளையை அடித்தாள். குழந்தைகளுக்கான வரிகளில் ஒன்றும் இல்லை. மேலே இல்லை, நடுவில் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில், ஒரு வெறும் என்டர். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் அதுவரை காதருகே ஏறியிருந்தது அவை இறங்கியபோதுதான் தெரிந்தது.

"என்டர்தான் தம்பி." சார் எப்போது தம்பியானார் என்று இருவருமே கவனிக்கவில்லை. "அதை அழிச்சிட்டுப் புதுசா இறக்குங்க. இந்தத் தடவை பாக்காதீங்க."

"கண்ணாலகூடவா மேடம்?"

"கண்ணால பாருங்க. கையால பாக்காதீங்க."

அவர் சிரித்தார். கோப்பு இறங்கும்வரை பேச்சு ஓடியது. காலங்காத்தால உங்களைப் பயமுறுத்திட்டேன் என்றார்.

"எப்பவும் சரிபாப்பீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் மேடம். கீழே உங்க பேரு வரும். அதைப் பாத்த பிறகுதான் வார்டுக்குள்ளயே போவேன். வராட்டி எனக்குக் கை ஓடாது."

கோப்பையை எடுத்து வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள். இப்போது அடிக்க ரகசியச் சொல் எதுவும் இல்லை.

சமையலறை வாசலில் கணவர் வந்து நின்றார். கையில் அன்றைய சீட்டு. மூக்குக்கு அருகே, தலைகீழாக. "ஏம்மா, இது என்ன? வெங்காயமா, வெந்தயமா? கையெழுத்தா இது?"

"வந்திருச்சு மேடம்!" என்றது போன். "நல்ல கையெழுத்து."

"என்ன தம்பி?"

"நல்ல கையெழுத்துன்னு வந்திருக்கு மேடம்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, கையை எட்டியமட்டும் நீட்டிப் போனைக் கணவர் பக்கம் திருப்பினாள்.

"தம்பி, அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."