கனடாக்காரனின் வலக்கை

எண்பத்தாறாம் ஆண்டு மாரியில நான் அகதியா வந்த நாட்டில, கிரின்ஸ்டெட் எண்ட பட்டினத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில, ஒரு வீட்டின்ர மேல்மாடியில இருந்தனான். கீழ்மாடியை உள்ளூர் ஐஸ் ஹொக்கிக் கழகம் வாடகைக்கு எடுத்து ஒரு கனடாக்காரனை வைச்சிருந்தது. இரண்டாம் பிரிவுக் கழகம். வெளிநாட்டு ஆட்டக்காரன் அவன் ஒருத்தன்தான். சம்பளம் சொல்லும்படி இல்லை, பின்னேரத்தில சின்னப் பிள்ளையளுக்குச் சறுக்கவும் பழக்கோணும். நத்தார்ப் பண்டிகை வரைக்கும்தான் பேச்சு. நல்லா விளையாடினால் வைச்சிருப்பினம், இல்லாட்டி வீட்டை அனுப்புவினம்.

எனக்குக் கழகத்தின்ர ஐஸ் மண்டபத்தில கூட்டித் துடைக்கிற வேலை. அவன் கோல் அடிச்சால் சனம் "எங்கட கனடாக்காரன்" எண்ணும், விட்டால் "அந்த வெளிநாட்டுக்காரன்" எண்ணும். கேக்க எனக்குப் பத்திக்கொண்டு வரும். பாவம் எண்டு ஞாயிறுகளில சாப்பிடக் கூப்பிடுவன்.

சமைக்கிறது அண்ணை. சொந்த அண்ணையில்லை, மன்னாரால வந்த ஆள். எனக்கு விசா கிடைச்சிட்டுது, அவருக்கு இன்னும் இல்லை. அகதி முகாம் சாப்பாடு வாயில வைக்க ஏலாதெண்டு ஞாயிறு பூசை முடிய என்ர வீட்டை வந்து சமைப்பார். கடைசியில சட்டியில மிஞ்சின சோத்தைக் குழைச்சு உருண்டை பிடிச்சு ஆளாளுக்குக் கையில வைப்பார். வலக்கையை நீட்டோணும். கனடாக்காரன் முதல் நாள் இடக்கையை நீட்ட, "மற்றக் கை" எண்டு உருண்டையைப் பின்னுக்கு இழுத்திட்டார். அவனும் சிரிச்சுக்கொண்டு பழகினான்.

மார்கழி பிறந்து முதல் ஞாயிறு. அவன் திரும்பவும் இடக்கையை நீட்டினான்.

"மற்றக் கை," எண்டார் அண்ணை. அவன் அசையேல்லை. "இவ்வளவு நாளும் சொல்லிக் குடுத்தது தண்ணியில போச்சு," எண்டு அண்ணை என்னைப் பாத்து முறைச்சார்.

நான் குனிஞ்சு பாத்தன். வலது மணிக்கட்டு வீங்கி, நீலம் பாரிச்சு அவன்ர மடியில கிடந்துது. பயிற்சியில சுவரோட அடிபட்டதாம்.

"டொக்டரிட்டைப் போ, விசரா," எண்டன்.

"டொக்டர் கழகத்தின்ர ஆள். சனிக்கிழமை ஆட்டத்தைப் பாத்துத்தான் என்னை வைச்சிருக்கிறதோ எண்டு முடிவெடுப்பினம். ஒருத்தருக்கும் சொல்லாதை."

அவன் சொன்னதை நான் தமிழில சொன்னதும் அண்ணை எழும்பிக் குசினிக்குள்ள போனார். மஞ்சளும் உப்பும் சூடாக்கிக் கொண்டுவந்து பத்துப் போட்டார்.

சனிக்கிழமை மணிக்கட்டை இறுக்கிச் சுத்திக்கொண்டு இறங்கினான். முதல் பகுதி சமாளிச்சான், ஒரு கோலுக்கு நல்லா எடுத்தும் குடுத்தான். பிறகு ஒருக்கா, அவனுக்கு முன்னால கோல் வாசல் வெறுமையாக் கிடக்க, ரப்பர் வட்டு நேர அவனிட்டை வந்துது. அடிக்கத் தடியை ஓங்கினான். தடி கையை விட்டுக் கழண்டு ஐஸில சறுக்கிக்கொண்டு போச்சுது. ஒருத்தரும் அவனைத் தொடேல்லை. சனம் சிரிச்சுது. நான் விளக்குமாறோட நிண்டு அழுதிட்டன்.

நத்தாருக்கு வீட்டில நிக்கலாம்தானே எண்டு கழகத்தில மரியாதையாத்தான் சொன்னவையாம்.

போறதுக்கு முந்தின ஞாயிறு, கை மாவுக்கட்டோட சாப்பிட வந்தான். "வீட்டை போக வெக்கமாக் கிடக்கு," எண்டான். "அம்மா எயார்போட்டில வந்து நிப்பா. என்னத்தைச் சொல்லுறது?"

எனக்குக் கோவம் வந்துது. திருப்பி அனுப்பினால் போய் இறங்க இவனுக்கு ஒரு வீடும் தாயும் இருக்கு. அண்ணைக்குத் திரும்பிப் போ எண்ட சொல் வந்தால் அவர் எங்க போறது? பிறகு அவன்ர முகத்தைப் பாக்க, கோவமும் நிக்கேல்லை.

அண்ணைக்கு அவன் சொன்னதைச் சொன்னன். அவர் சட்டியை இழுத்து வைச்சுச் சோத்தைக் குழைச்சார், முதல் உருண்டையை அவனுக்குத்தான் பிடிச்சார். அவன் மாவுக்கட்டுப் போட்ட வலக்கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி நீட்டினான். அண்ணை அந்தக் கையைப் பிடிச்சு மெல்ல மேசையில வைச்சார்.

"மற்றக் கை," எண்டார்.