இரண்டு சீட்டிலும் தோம்னிகா

லிதியா என் கடைக்குள் வந்தால் கதவைச் சாத்தவே மாட்டாள். சொரோக்கா ஊரின் குளிர் முழுக்க உள்ளே வரும். "கதவச் சாத்துடி, ஊருக்கெல்லாம் நான்தான் அடுப்பெரிக்கிறேனா?" என்று தினமும் கத்துவேன். நகலெடுப்பதும் மொழிபெயர்ப்பதும் குடியுரிமைக் கோப்பு தயார் செய்து கொடுப்பதும் என் பிழைப்பு. இந்த ஊரில் பாதிப் பேர் செத்துப்போன தாத்தாவைத் தேடிக்கொண்டுதான் என்னிடம் வருகிறார்கள். இப்போது தனி நாடாக இருக்கும் எங்கள் பக்கம் 1940க்கு முன் ருமேனியாவில் இருந்தது. அன்று அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தவரின் பேரன் பேத்தி என்று காகிதத்தில் காட்டினால் நமக்கும் அந்தக் குடியுரிமை உண்டு. காட்டுவதற்குள் உயிர் போய்விடும், அது வேறு விஷயம்.

லிதியாவுக்கு ஐம்பத்தோரு வயது. மழலையர் பள்ளியில் சமைத்துக்கொண்டிருந்தவள், கணவன் இறந்தபிறகு அம்மாவோடு இருந்தாள். ஒரே மகள் கொரினா இத்தாலியில், பாதுவா நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். கைக்குழந்தை இருந்தது. அதன் அப்பன் எங்கேயோ போய்விட்டான், நல்லா இருக்கட்டும். கொரினா வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. லிதியா போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் எங்கள் பாஸ்போர்ட்டுக்குத் தொண்ணூறு நாள் கெடு. அதன்பின் திரும்பி வந்து இன்னொரு தொண்ணூறு நாள் இங்கே காத்துக் கிடக்க வேண்டும். ருமேனியப் பாஸ்போர்ட் இருந்தால் அந்தக் கெடு கிடையாது. இரண்டு நாள் வேனில் முதுகொடியப் போவாள். குழந்தை ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அதை அழவிட்டுவிட்டு வருவாள். ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் கூடுதலாக நரைத்திருப்பாள்.

மூன்று வருஷம் அலைந்தபிறகு, ஒரு பிப்ரவரியில், ஆவணக் காப்பகத்திலிருந்து உறை வந்தது. என் கடையிலேயே பிரித்தாள். தாத்தாவின் பதிவு சுத்தமாக இருந்தது. அம்மா தோம்னிகாவின் பதிவும் இருந்தது, பிறப்பு 1939. அதன் ஓரத்தில் வேறு மையில் ஒரு வரி. 1943 செப்டம்பரில் தொண்டை அடைப்பான் நோயால் மரணம்.

"அக்கா, எங்கம்மா நாலு வயசுல செத்துட்டாங்களாம்."

"அப்ப காலையில உனக்குக் கஞ்சி ஊத்துனது யாரு?"

"அவங்கதான்."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் நாற்காலியில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். நாலு வயதில் செத்தவளுக்கு மகள் பிறக்க முடியாது. தாத்தாவிலிருந்து லிதியாவரை வரவேண்டிய கயிறு நடுவில் அறுந்துவிட்டது.

"என்னால முடியல அக்கா. கால் விட்டுப்போச்சு. அந்தப் புள்ள என்னைய மறந்துட்டுப் போகட்டும், விடுங்க."

விட்டுவிடுகிற ஆளா நான்? அவளை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தோம்னிகா அத்தை சோளமாவுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் காகிதத்தை வாசித்தேன். அத்தை கரண்டியை நிறுத்தவில்லை.

"அது என் அக்கா," என்றாள். "அவ செத்தப்புறம்தான் நான் பொறந்தேன். அவ பேரையே எனக்கும் வச்சாங்க. சண்டை நடந்த வருஷம், ஆபீசு பூட்டிக் கெடந்துச்சு. வீட்டுல அவ பொறப்புக் காகிதம் இருக்கேன்னு அதையே எனக்கும் வச்சுக்கிட்டாங்க. எங்கம்மா சாகும்போதுதான் சொன்னா."

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றாள் லிதியா.

"நீ கேட்டியா?"

லிதியா விறகெடுக்க வெளியே போனாள். கதவைச் சாத்தவில்லை.

"இத நீங்க கோர்ட்டுல சொல்லணும் அத்தை," என்றேன். "சொன்னா அவங்க புதுசா பிறப்புப் பதிவு போட்டுக் குடுப்பாங்க."

அத்தை களியைப் பலகையில் கவிழ்த்தாள்.

"சொன்னா இவ போயிடுவா, இல்ல?"

"ஆமா."

"மூணு மாசத்துக்கு ஒருக்கா திரும்பி வரவும் மாட்டா."

"வர வேண்டியதில்ல."

அவள் நூலை எடுத்து, களியைக் குறுக்கே அறுத்து, பெரிய துண்டை என் பக்கம் தள்ளினாள். "சரி. ஆறிடப்போவுது, சாப்புடு," என்றாள்.

நீதிமன்றத்தில் மூன்று வாய்தா. அத்தையின் ஒன்றுவிட்ட அண்ணன் இக்னாத், எண்பத்தெட்டு வயதில், கோலூன்றி வந்து சாட்சி சொன்னார். "சின்னப் பெட்டி ஐயா. நான்தான் கையில தூக்கிட்டுப் போனேன்," என்று சொல்லிவிட்டு அங்கேயே அழுதுவிட்டார். நீதிபதி அத்தையிடம் பிறந்த தேதி கேட்டார்.

"மொதப் பனி விழுந்த அன்னிக்குன்னு எங்கம்மா சொல்லும்."

"தேதி வேணும்மா."

"எழுவத்துமூணு வருசமா அடுத்தவ பொறந்த நாளக் கொண்டாடிட்டேன். நீங்களே ஒரு நல்ல நாளாப் பாத்துப் போடுங்க சாமி."

நீதிபதி சிரித்து, 1944 நவம்பர் பதினைந்து என்று போட்டார். அதன்பின் லிதியாவின் கோப்பு ஒன்றரை வருஷம் எங்கேயோ தூங்கியது. குடியுரிமை கிடைத்தவர்கள் பட்டியலில் அவள் எண் வந்த அன்று எங்களுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. உறுதிமொழி எடுத்தாள், பாஸ்போர்ட் வாங்கினாள், அக்டோபரில் வேன் ஏறினாள். அத்தை பேருந்து நிலையத்துக்கு வரவில்லை. முட்டைக்கோஸ் ஊறுகாய் போடும் நாள் என்றாள்.

நவம்பரில், இறந்தவர்களுக்கான சனிக்கிழமை, அத்தையை நான்தான் கோவிலுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் வழக்கப்படி பாதிரியாரிடம் இரண்டு சீட்டு கொடுப்போம், உயிரோடு இருப்பவர்கள் பெயர் ஒன்றில், போனவர்கள் பெயர் இன்னொன்றில். அத்தைக்குக் கண் சரியில்லை, அதனால் நான் எழுதினேன். உயிரோடு இருப்பவர் சீட்டில் லிதியா, கொரினா, குழந்தை.

"என் பேரையும் போடு," என்றாள்.

தோம்னிகா என்று எழுதினேன். மற்ற சீட்டில் அவள் அப்பா, அம்மா, புருஷன், மருமகன் பெயர்களை எழுதி முடித்ததும் என் கையைப் பிடித்தாள். "இதுலயும் தோம்னிகா எழுது." என் கை நின்றுவிட்டது. உயிரோடு இருப்பவள் தன் பெயரை அந்தச் சீட்டில் பார்க்கவே கூடாது என்பார்கள். "எழுதுடி," என்றாள். எழுதினேன்.

பாதிரியார் வாசித்தார். இறந்தவர்களில் தோம்னிகா என்றதும் முன்வரிசைப் பெண்கள் திரும்பி அவளைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவள் மெழுகுவர்த்தியை ஏற்றி மணல் தட்டில் ஊன்றினாள்.

வெளியே வந்து, இறந்தவர்கள் பேரில் பகிரும் வேகவைத்த கோதுமையை ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்து முடித்தபிறகு சொன்னாள்.

"இத்தன வருசமா அவளுக்குன்னு ஒரு மெழுகுவத்தி ஏத்துனதில்ல. அவ பேர அந்தச் சீட்டுல எழுதுனா நான் செத்துருவேனோன்னு பயம்."

"இப்ப பயமில்லியா அத்தை?"

"லிதியாதான் அவ மககிட்டப் போயிட்டாளே," என்றாள். "இனி யாருக்காகப் பயப்படணும்?"