உள்ளே அத்தை, வெளியே நாங்கள்

என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய சொகுசு கார் இன்று அயோத்தியாப்பட்டணத்தில் எங்களைக் கதிகலங்க வைத்துவிட்டது.

உச்சி வெயில். இளநீர் வாங்க இருவரும் இறங்கினோம். ஏசிக்காக ஓடவிட்டிருந்த இன்ஜின் சட்டென்று நின்று, கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. சாவியும் என் மாமியாரும் உள்ளே. உள்ளிருந்தும் திறக்கவில்லை. அவர் கண்ணாடியைத் தட்டிக் கத்துவது தெரிந்தது. சத்தம்தான் வரவில்லை.

ஒரு லாரி டிரைவர் ஜாக்கி ராடால் ஓங்கி ஓங்கி அடித்த பிறகுதான் முன்கதவுக் கண்ணாடி உடைந்தது.

அதன் வழியே வெளியே வந்த அத்தை மகனைக் கேட்டார். "ஏஞ்சாமி, நாங் கத்துனது கேக்கவே இல்லியா?"

"கேக்காதும்மா. பழசானாலும் பில்ட் குவாலிட்டி அப்படி." அப்போதும் குரலில் பெருமை!

திரும்பச் சாவி போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் கார் கிளம்பியது.

"வித்துப்போடலாமுங்க" என்று வழியெல்லாம் சொன்னேன். உடைந்த கண்ணாடி வழியே ஊர்ச்சத்தம் முழுக்க உள்ளே வந்தது. நான் சொன்னது மட்டும் அவர் காதில் விழவில்லை.