பென்சிலில் எழுதிய தேதி

கணினிச் சந்தையின் கீழ்த்தளத்தில் ஒரு பெண்மணி இருக்கிறார். மடிக்கணினியைக் கவிழ்த்து, அடித்தகட்டைக் கழற்றி, அது சாகப்போகும் நாளை உள்ளே பென்சிலால் எழுதி மூடிவிடுவார். எழுதிய நாளில் அது செத்துப்போகும். இதுதான் வதந்தி. சாட்சிக்கு மூன்று பேர் உண்டு. ஒருவர் காப்பீட்டு முகவர், இன்னொருவர் ஆய்வுக் கட்டுரையைப் பறிகொடுத்த மாணவி. மூன்றாமவரை யாரும் பார்த்ததில்லை. எந்த வதந்திக்கும் அப்படியொரு மூன்றாமவர் தேவைப்படுகிறார்.

தைபேயில் பாதே சாலைப் பக்கம் கணினிச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தக் கதை ஏதாவதொரு வடிவத்தில் வந்து சேர்ந்திருக்கும். பத்திரிகையில் வேடிக்கைப் பத்தி எழுதிப் பிழைக்கும் எனக்குச் சொன்னவர் லாய். திரைக்கு மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் விற்கிறவர்.

“லான் அக்காகிட்ட போகாத. போனா தேதி போட்டுருவாங்க.”

“போடலேன்னா சாகாதா?”

“சாகும். ஆனா உனக்குத் தெரியாம சாகும். அதுல ஒரு நிம்மதி இருக்குல்ல.”

எனக்கு நிம்மதி ஒத்துக்கொள்வதில்லை. என் கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். அதைத் தூக்குவது என்பதுகூடப் பெரிய வார்த்தை. ஒரு கிலோவுக்கும் குறைவு. வாங்கிய அன்று கடைக்காரர் அதை ஒற்றை விரலில் நிறுத்திக் காட்டினார். நானும் மயங்கிப் பணம் கொடுத்தேன். விரலில் நிறுத்தி வைத்து எழுத வேண்டிய அவசியம் யாருக்காவது வந்திருக்கிறதா என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பெங் ருய்-லானுக்கு ஐம்பத்தொரு வயது. இரண்டு ஆள் நின்றால் நிறைந்துவிடும் கடை. வாங்க என்றுகூடச் சொல்லாமல், “எங்க பிடிச்சுத் திறப்பீங்க?” என்றார். திறந்து காட்டினேன்.

“வலது மூலை. இன்னொரு கைல டீ.”

“டீ எப்படித் தெரியும்?”

“கீபோர்டுல இருக்கு.”

தகட்டைக் கழற்றினார். உள்ளே தட்டையான கறுப்புப் பைகளாக பேட்டரி. உலோக அளவியை வைத்து மூன்று இடங்களில் அளந்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து, தகட்டின் உட்புறத்தில் ‘5.2’ என்றும், பக்கத்தில் நவம்பர் இருபத்தாறு என்றும் எழுதினார்.

“அன்னிக்கா சாகும்?”

“பேட்டரி தடிமன் இன்னிக்கு அஞ்சு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர். அன்னிக்கு நீங்க திரும்பி வரணும். உப்பியிருக்கான்னு அளந்து பாப்பேன். வந்தவங்க வதந்தி பரப்புறதில்ல, பத்திரிகைக்காரரே. வராதவங்கதான் பரப்புறாங்க.”

ஆக, வதந்தி அங்கேயே செத்தது. நானும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டியவன்தான். இரண்டு விஷயங்கள் நிறுத்தின. அவருக்குப் பின்னால், மணல் நிரப்பிய தகரப் பெட்டிகளின் மேல், ஒரே மாதிரி ஏழு மடிக்கணினிகள் இருந்தன. எதிலுமே மூடி சரியாகப் படியவில்லை. பல் வலிக்காரனின் வாய்போலக் கொஞ்சம் திறந்தே இருந்தன. இரண்டாவது, அந்தக் கடையில் பச்சைப் பை இல்லை.

பச்சைப் பை இல்லாத இயந்திரத்தை இந்த ஊரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது தேங்காய் வாசனை போட்ட ஒரு சோளப்பொரிப் பொட்டலம்; பெயருக்கே ‘சமர்த்தாயிரு’ என்றுதான் அர்த்தம், தலையில் வைத்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்று நம்பிக்கை. வங்கியின் சர்வர், மருத்துவமனையின் ஸ்கேன், நூலகத்தின் மின்தூக்கி எல்லாவற்றின் தலையிலும் ஒரு பொட்டலம் உட்கார்ந்திருக்கும். பச்சையாக இருக்க வேண்டும்; மஞ்சள் கூடாது. பிரிக்கக் கூடாது. தேதி தாண்டக் கூடாது. இதை நம்புகிறாயா என்று எந்தப் பொறியாளரிடம் கேட்டாலும் சிரிப்பார். எடுத்துவிடவா என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

“ஏன் வைக்கல?” என்றேன்.

“பதினாறு வருஷம் வச்சேன்,” என்றார். மீதியை நான்கு முறை போய், நான்கு முறை தேவையில்லாத சார்ஜர் வாங்கி, துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன்.

லின்கோவில் ஒரு தொழிற்சாலை. யாருடைய பெயரையோ மூடியில் அச்சடித்து விற்பதற்காக மடிக்கணினி செய்து கொடுப்பவர்கள். அங்கே சோதனைக்கூடத்தில் ருய்-லானுக்கு வேலை. ஓர் இயந்திரக் கை கணினியைத் திறக்கும், மூடும், திறக்கும், மூடும், இருபதாயிரம் தடவை. “மிஷின் நடுவுல பிடிச்சு, மரியாதையாத் திறக்கும். மூலையைப் பிடிச்சு இழுக்கிற மிஷின் எங்ககிட்ட இல்ல. அதுக்குத்தான் ஜனங்க இருக்காங்களே,” என்றார். வெப்பப் பெட்டி ஒன்றும் இருந்தது. பேட்டரியை அதில் வாரக்கணக்கில் வேகவைப்பார்கள். நான்கு வருடத்து மூப்பை ஆறு வாரத்தில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் பச்சைப் பை. தேதி பார்த்து அவற்றை மாற்றுவதும் ருய்-லான் பொறுப்பு.

ஒரு வருடம், இதுவரை செய்ததிலேயே மெல்லிய கணினி என்று ஒன்று வந்தது. பேட்டரிக்கு மேலே மூச்சுவிட இடம் வேண்டும். அந்த இடத்தில் அரை மில்லிமீட்டரை எடுத்துவிட்டார்கள். விளம்பரத்துக்கு அரை மில்லிமீட்டர் பெரிய தூரம். ஐந்தாவது வாரம் வெப்பப் பெட்டியைத் திறந்தால் பேட்டரி உப்பி, டச்பேடைத் தூக்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் கூடினார்கள். யாரோ பெட்டியின் மேலிருந்த பச்சைப் பையைத் திருப்பிப் பார்த்தார்கள். தேதி தாண்டி இரண்டு மாதம்.

“அப்ப எல்லாரும் சிரிச்சாங்க,” என்றார் ருய்-லான். “எனக்கு மூஞ்சி எரிஞ்சுது. மேனேஜர் தோள்ல தட்டி, அட இதானா, புதுப் பை வை, புது பேட்டரி போடு, மறுபடி ஓட்டுன்னார்.”

அறிக்கையில் பை என்று எழுதவில்லை. படித்தவர்கள் அல்லவா, ‘சூழல் காரணி’ என்று எழுதினார்கள். புதுப் பை, புது பேட்டரி. கப்பல் கிளம்பும் தேதி நெருங்கியதால் ஆறு வாரத்துக்குப் பதில் மூன்று வாரம். சமர்த்தாகத் தேறியது. ருய்-லான் கையெழுத்துப் போட்டார்.

“மூணு வாரம் பத்தாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா பை என் தப்பு. தப்புப் பண்ணினவ எப்படி வாயைத் திறக்கிறது?”

ஊழியர்களுக்குச் சலுகை விலையில் கொடுத்தபோது ஒன்றை வாங்கி, சூதோங்கில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு அனுப்பினார். பிறகு சோதனைக்கூடம் வியட்நாமுக்குப் போயிற்று, இவர் கீழ்த்தளத்துக்கு வந்தார். நான்கு வருடம் கழித்து அந்த மாதிரிக் கணினிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. மணல் பெட்டிகளின் மேல் இருந்த ஏழும் அவைதான். எட்டாவது அப்பாவிடம்.

பெரியவர் பெங்குக்கு எண்பது. கண்ணாடித் தொழிற்சாலையில் உலை பார்த்தவர். தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு, தாமரைப் பூவும் நல்வாக்கும் போட்ட படம் ஒன்றை அந்தக் கணினியில் தானே செய்து மகளுக்கு அனுப்புவார். இந்த ஊரில் பெரியவர்கள் அனுப்பும் இப்படிப் படங்களைப் பிள்ளைகள் பார்க்காமலே அழிப்பார்கள். ருய்-லான் மட்டும் அலாரம் வைத்து எழுந்து பார்ப்பார். படம் வந்தால் அப்பா இருக்கிறார், கணினி இன்னும் வெடிக்கவில்லை.

“புதுசு வாங்கிக் கொடுத்துட்டு அதைத் தூக்கிட்டு வந்துர வேண்டியதுதானே, அக்கா?”

“ரெண்டு தடவை வாங்கிக் கொடுத்தேன். ஒண்ணைக் கோயிலுக்குக் கொடுத்துட்டார், இன்னொண்ணு பக்கத்து வீட்டுல இருக்கு. ‘இது என் பொண்ணு பாஸ் பண்ணின மிஷின்’னு வர்றவங்ககிட்டயெல்லாம் காட்டுவார். அதைத் திருப்பி வாங்கணும்னா காரணம் சொல்லணும்.”

காரணத்தை அவர் சொல்லவில்லை. பேட்டரி அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

நவம்பர் இருபத்தாறாம் தேதி காலை, என் தகட்டில் எழுதியபடியே போனேன். பயம் என்று சொன்னால் ஒழுக்கம் என்று படிக்கவும். கடையின் கதவு பாதி இறங்கியிருந்தது. ருய்-லான் மணல் பெட்டி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

“படம் வரல,” என்றார். “போனை எடுக்கல. ஒன்பது தடவை.”

லாய் தன் கடையிலிருந்தே எட்டிப் பார்த்தார். “கார் வச்சிருக்கல்ல? நின்னு என்ன பாக்குற?”

நெடுஞ்சாலையில் லின்கோ வந்தது. பழைய தொழிற்சாலைக் கட்டடம் இப்போது துணிக் கடை. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை; மடியில் இருந்த மணல் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். வேடிக்கையாக ஏதாவது சொல்வது என் தொழில். எழுபது கிலோமீட்டருக்கு ஒன்றும் அகப்படவில்லை. தெரு திரும்பும்போது மட்டும் அவர், “புகை தெரியுதா?” என்று கேட்டார். தெரிந்தது. பார்த்தால் யாரோ குப்பை எரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் வாசலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். செல்போன் பக்கத்திலேயே, ஒலியடங்கிக் கிடந்தது. ருய்-லான் காரிலிருந்து இறங்கி, ஒரு நிமிடம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“என்ன அ-லான், வேலை நாள்ல?” என்றார் பெரியவர். “இது யாரு, மாப்பிள்ளையா? லேட்டு.”

“அப்பா, படம் எங்க?”

“அந்த அம்பு நகர மாட்டேங்குது. மூடியும் படியல. காத்தடச்ச மாதிரி தூக்குது. அமுக்கி வச்சிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்.”

“எதை வச்சு அமுக்கினீங்க?”

பெரியவர் இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்த்தார். “கல்லை வச்சுத்தான்.”

அந்தப் பக்கத்து வீடுகளில் ஆண்டுதோறும் கடுகுக்கீரையை உப்புப் போட்டுச் சாடியில் அடைத்து மேலே ஆற்றுக்கல்லை ஏற்றுவார்கள். எது பொங்கினாலும் கல்தான் மருந்து. உள்ளே, முன்னோர் மாடத்துக்குக் கீழ் மேசையில், ஊதுபத்திக் கிண்ணத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் கணினி இருந்தது. சார்ஜர் சொருகியபடி. மேலே எட்டுக் கிலோ கல். கல்லின் உச்சியில், பெரியவர் மரியாதையாக எடுத்து வைத்த பச்சைப் பை. தேதியெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ருய்-லான் வாசலிலேயே மூக்கை நிமிர்த்தினார். எனக்கும் வந்தது அந்த வாடை. தித்திப்பாக, நகப்பூச்சு போல.

“ரெண்டு பேரும் வெளிய போங்க.” பெரியவர் நகரவில்லை, ஆகவே நானும்.

சார்ஜரைப் பிடுங்கினார். பச்சைப் பையை எனக்குப் பின்னால் தரையில் வைத்தார். பிறகு கல்லின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, தூக்காமல் சற்று நேரம் நின்றார். தூக்கினால் என்ன ஆகும், தூக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஆறு வார அறிக்கை ஒன்று எங்காவது இருந்திருக்க வேண்டும். மெதுவாகத் தூக்கினார். மூடி தானாக எழுந்தது, யாரோ உள்ளிருந்து திறப்பதுபோல.

நான் பின்வாங்கினேன். பட்டென்று ஒரு சத்தம். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். ருய்-லான் கல்லோடு சுவரில் போய் மோதினார். எனக்குக் காலடியில் ஏதோ நொறுங்கியது. தேங்காய் வாசனை அடித்தது.

பச்சைப் பையை மிதித்திருந்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ருய்-லான் கணினியை ஈரமில்லாத துண்டில் ஏந்தி, வெளியே மணல் பெட்டியில் புதைத்து, அந்தப் பெட்டியையும் முற்றத்தின் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மணல் ஒரு தடவை மட்டும் மெல்ல எழுந்து அடங்கியது. நான் பார்த்தேன். பெரியவரும் பார்த்தார்.

“நீ பாஸ் பண்ணினதுதானே அது?” என்றார்.

“நான்தான். பண்ணியிருக்கக் கூடாது. அப்பவே ஒண்ணு உப்புச்சு. பை தேதி முடிஞ்சதாலன்னு சொன்னாங்க. நான் சும்மா இருந்துட்டேன்.”

பெரியவர் ஆரஞ்சுத் தோலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் உலை பார்த்தவர். எது வெடிக்கும் எது வெடிக்காது என்பதெல்லாம் அவருக்கும் கொஞ்சம் தெரியும்.

“இது மாதிரி எத்தனை செஞ்சீங்க?”

“அறுபதாயிரம்.”

“உன் கைக்கு வந்தது?”

“இதோட எட்டு.”

“சரி,” என்றார். “மத்த வீட்டுல எல்லாம் இந்தக் கல்லு இருக்காதுன்னு வேண்டிக்க. வேண்டிக்கிட்டு சும்மா உக்காந்துராத.”

அடுத்த வாரம் ருய்-லானின் கடையில் அட்டை ஒன்று தொங்கியது. மாதிரி எண்ணை எழுதி, இது உங்களிடம் இருந்தால் சார்ஜ் போடாமல் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம், சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான் என்று முழுப் பெயரும் போட்டிருந்தார். இதுவரை முப்பத்தொன்று வந்திருக்கின்றன. பழைய தொழிற்சாலையின் ஆள்போல, நல்ல சட்டை போட்ட ஒருவரும் வந்தார், எதுவும் கேட்கவில்லை, அட்டையையும் ருய்-லானையும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். லாய் இப்போது புது வதந்தி சொல்கிறார்: லான் அக்காவுக்கே யாரோ தேதி போட்டிருக்கிறார்களாம். இதைச் சரிபார்க்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

பெரியவர் பெங் இப்போது செல்போனிலேயே படம் செய்கிறார். ஐந்து நாற்பதுக்கு எனக்கும் வருகிறது. தாமரைக்குக் கீழே நல்வாக்கு, நல்வாக்குக்குக் கீழே ஒரே கேள்வி: ‘தம்பி, மிதிச்ச பை எங்க?’ அது குக்கரின் தலையிலிருந்து எடுத்த பையாம்; அந்த வீட்டில் சோறு வேகவைக்கும் குக்கர் இரண்டு மாதமாகத் தலையில் பை இல்லாமல் ஓடுகிறதாம்.

பை வாங்கிவிட்டேன். பச்சைதான், தேதியும் அடுத்த வருடம் வரை இருக்கிறது. அனுப்பியிருப்பேன். ஆனால் அன்றைய அமளியில் என் கணினியை அளக்காமலே விட்டுவிட்டோம், பென்சிலில் எழுதிய தேதி தாண்டி இரண்டு மாதம் ஆகிறது. ஆகவே பையைத் தற்காலிகமாக அதன் மேல் வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து பை கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.