பெட்டிக்குள் கசகசா

எங்கள் ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு என்னைப்போல முறையாகப் பெட்டி கட்டியவன் ஒருத்தனும் கிடையாது. பொய். கட்டியது என் பெண்டாட்டி. நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தேன், அவள் ஜிப்பை இழுத்தாள். என் உடம்பால் வீட்டுக்குக் கிடைத்த முதல் உபகாரம் அது.

அரபு நாட்டில் கட்டட வேலைக்கு விசா வந்திருந்தது. எனக்குத் தெரிந்த படிப்பு, பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுதான். பெட்டி எடை கூடினால் ஏர்போர்ட்டில் சாமானை வெளியே எடுக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எடை போட எங்கே போவது? விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் வாங்குகிற கமிஷன் கடைக்குப் போய், மூட்டையோடு மூட்டையாகப் பெட்டியையும் தராசில் ஏற்றினேன்.

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏலே, இது சம்பாவா, முண்டு வத்தலா?"

"உள்ள நாலு சட்டையும் என் தலையெழுத்தும்தான் இருக்கு அண்ணாச்சி. ஈரத்துக்குக் கழிச்சுப் போட்டுக்கிடுங்க."

எடை கூடியிருந்தது. அங்கேயே பெட்டியைத் திறந்தேன். விளைந்த வத்தலை விற்க வந்த சம்சாரிகள் எல்லாரும் என் பனியனில் இருந்த ஓட்டையை எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அதே அரபு நாட்டில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒரு பொட்டலத்தைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"இது என்னதுவே?"

"எங்க மதினி இடிச்ச கறி மசாலா. அண்ணன் அங்கன வேலை பாக்கான்லா, அவனுக்கு."

"கசகசா போட்டிருக்கா?"

"போடாம? கசகசா இல்லாம அது ஒரு கறிக்கொழம்பா அண்ணாச்சி?"

அவர் சிரிக்கவில்லை. "அங்கன அது போதைமருந்துக் கணக்குவே. பொட்டியில கண்டான்னா உள்ள தூக்கிப் போட்டுருவான். வேலைக்கும் போவமாட்டீரு, வீட்டுக்கும் வரமாட்டீரு."

மதினிக்குப் போன் போட்டேன்.

"பொடியில கசகசா போட்டியளா மதினி?"

"போட்டேன் கொழுந்தனாரே. அவியளுக்குப் பிடிக்கும்னு ஒரு கை கூடவே போட்டேன். எதுக்குக் கேக்கிய?"

"ஒண்ணுமில்ல. ஜெயில்ல கறிக்கொழம்பு உண்டுமான்னு ஒரு சந்தேகம்."

பொட்டலத்தைக் கடைக்காரருக்கே கொடுத்துவிட்டேன். அதன் மூலை கிழிந்து, பொடி சட்டைகளிலும் கொட்டியிருந்தது. "துணிய ஒண்ணுவிடாமத் துவையும். பொட்டியையும் தட்டிக் கழுவும். பொழைச்சீரு, போய்ட்டு வாரும்" என்று அந்தச் சமையல்கார அண்ணாச்சி தோளில் தட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நல்லவேளை, மிளகாய்க் கடை. யாரும் காரணம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் பெண்டாட்டி பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அடித்த அடி இருக்கிறதே, அதில் பாதி எனக்கென்று நினைத்து வைத்தது. சட்டைகள் இப்போது கொடியில் காய்கின்றன. மசாலா வாடை போய்விட்டதா என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். சோப்பு வாடைதான். நாளைக்கு விமானம். பயணக் கவலையில் நேற்றுவரை இறங்காத சோறு இன்றைக்கு மூன்று தட்டு இறங்கியது. பெட்டியும் சுத்தம், நானும் சுத்தம். ஆனால் அந்தச் சமையல்கார அண்ணாச்சி மாத்திரையைப் பற்றியும் ஒன்று சொன்னார். என் முதுகுவலி மாத்திரையை அட்டையிலிருந்து உருவிக் கொண்டுபோகக் கூடாதாம், டாக்டர் சீட்டோடு...

"ஏங்க! மதினி வந்திருக்காவ! பழசு கொட்டிப்போச்சுன்னு கேள்விப்பட்டு, கசகசா ரெண்டு கை போட்டு வேற பொடி இடிச்சுக் கொண்டாந்திருக்காவளாம்!"

"இந்தா வாரேன்." சீட்டோடு, கடையில் வாங்கின அட்டையோடு...

"ஏங்க, பொட்டிக்குள்ள வைக்கப் போறாவ!"

"ஏட்டி, பிடிட்டி அவியள!"